குதிரையேறி வந்த அரசாங்கம்

ஜெர்மனியில், ஆயிரத்து இருநூறு வருடத்துக்கு முந்திய பேரரசர் சார்லமேனின் மாளிகை ஒன்று இருந்த ஊர் அது. அங்குள்ள அருங்காட்சியகத்தில் பதினெட்டு வருடம் காவலாளியாக நின்றேன். "கண்ணாடியைத் தொடாதீர்கள்" என்பதைத் தவிர யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஒரு நாள் மேலதிகாரி க்ரூகர் அம்மா கூப்பிட்டார். பீலெஃபெல்டிலிருந்து தமிழ் முதியோர் சங்கம் வருகிறது, நீங்களே தமிழில் விளக்குங்கள், சரியாக அமைந்தால் இனி நீங்கள் வழிகாட்டி என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. மூன்று நாள் சோறே இறங்கவில்லை!

அன்று இருபது பேர் வந்தார்கள். க்ரூகர் அம்மா பின்னால் குறிப்பேட்டோடு நின்றார். அவருக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. சனத்தின் முகத்தைப் பார்த்துத்தான் தீர்ப்பு. நான் அருங்காட்சியகம் தந்த ஜெர்மன் பேப்பரை மொழிபெயர்த்து வாசித்தேன். ஐந்தாவது நிமிடம் ஒருவர் கோப்பிக்கடை எங்கே என்று கேட்டார்.

முன்னால் நின்ற பவளம் அக்காதான் காப்பாற்றினார்.

"தம்பி, அந்தப் பேப்பரை ஒருக்கா வையுங்கோ. போனும் இல்லை, ரயிலும் இல்லை. இந்தாள் இவ்வளவு பெரிய நாட்டை எப்பிடி ஆண்டது?"

பதினெட்டு வருடம் காதில் விழுந்ததெல்லாம் வாய்க்கு வந்துவிட்டது.

"அக்கா, நாங்கள் அகதியா வந்த நேரம் ஒவ்வொரு அம்டா, அரசாங்க அலுவலகமா அலைஞ்சனாங்கள்தானே? இவரின்ரை காலத்திலை அம்டே குதிரையிலை ஏறி ஊர் ஊரா வந்தது. ராசா, எழுதுறவை, சமைக்கிறவை எல்லாரும். ஒரு ஊரிலை சாப்பாடு முடிய அடுத்த ஊர்."

"அப்ப டெர்மின் எடுத்து நாள் பார்த்துக் காத்திருக்கத் தேவையில்லையோ?" என்றார் அக்கா.

மண்டபமே சிரித்தது. எனக்கு உற்சாகம் பிடித்துக்கொண்டது.

"அவர் போக ஏலாத இடத்துக்கு ரெண்டு பேரை அனுப்புவார். ஒரு பிரபு, ஒரு பிஷப். ஒராள் லஞ்சம் வாங்கினா மற்றாள் பார்ப்பார்."

"ரெண்டு பேரும் சேர்ந்து வாங்கினா?"

"அதுக்குத்தான் ஆக்களை மாத்தி மாத்தி அனுப்பினவர்!"

சிரிக்காமல் நின்றவர் சிவலிங்கம் மாஸ்டர் ஒருவர்தான். "ஆண்டது சரி. அடங்க மாட்டன் எண்ட சனத்துக்கு என்ன நடந்தது?"

பேப்பரில் 'ஒன்றுபடுத்தினார்' என்று ஒரே சொல். அதைச் சொல்லித் தப்பியிருக்கலாம். வேலை கைக்கு வரும் நேரம் வேறு. ஆனாலும் அந்த மனிதரின் முகத்துக்கு முன்னால் மழுப்ப மனம் வரவில்லை.

"இந்த மண்ணிலை இருந்த சாக்சன் சனத்தோடை முப்பது வருஷத்துக்கு மேலை சண்டை. கன பேரைக் கொன்றவை. மிச்சப் பேரை வாளைக் காட்டி மதம் மாத்தினவை. குடும்பம் குடும்பமாத் தூர இடங்களுக்குப் பெயர்த்துக்கொண்டு போய் விட்டவை."

பவளம் அக்கா வாங்குப் பலகையில் உட்கார்ந்தார். "அப்ப இந்த ஊர்ச் சனமும் இடம்பெயர்ந்த சனந்தானோ?" என்றார்.

அவர்கள் போனதும் க்ரூகர் அம்மா நேரே வந்து ஜெர்மனில் கேட்டார். "முதலில் சிரிச்சவை, பிறகு ஒருதரும் மூச்சு விடேல்லை. என்ன சொன்னீங்கள்?"

மறைக்காமல் சொன்னேன். பேப்பரில் இல்லாததைச் சொன்னேன் என்பதையும் சொன்னேன். அவர் என் கையிலிருந்த பேப்பரை வாங்கி 'ஒன்றுபடுத்தினார்' என்ற இடத்தைத் தேடி, அதன்மேல் கோடு போட்டார்.

"இதைத் திருத்தி எழுதித் தாங்கோ. செவ்வாய் பதினொரு மணிக்கு ஜெர்மன் குழு வருது. அவைக்கும் நீங்களே சொல்லுங்கோ."

சந்தோஷத்தில் வீட்டுக்குப் போக, காவலாளிச் சட்டையோடேயே ஸ்டேஷனுக்கு ஓடினேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பேப்பரில் விட்டுப்போனதை யாராவது கேட்டால் மழுப்பாதீர்கள். கேட்கிறவருக்கு ஒரு காரணம் இருக்கும்.