கறுப்பு வயரில் சுவிட்ச்

நான் வயர்மேன். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு, இருபத்தெட்டு வருடமாக இரணியல், தக்கலைப் பக்கம் வீடுகளுக்கு வயரிங் செய்கிறேன். இந்த வேலையில் முதல் நாளே சொல்லித் தருகிற விதி ஒன்று உண்டு. சுவிட்ச் சிவப்பு வயரில்தான் வர வேண்டும், கறுப்பில் வரக் கூடாது. கறுப்பில் வைத்தால் அணைத்த பிறகும் ஹோல்டரில் கரண்ட் நிற்கும், பல்பு மாற்றுகிறவன் அடி வாங்குவான். அப்படி வைத்த வீட்டைக் கண்டால், எந்த மண்டையன் பார்த்த வேலை இது என்று எங்களுக்குள் சிரிப்போம்.

எங்கள் மாதா கோயில் பாடகர் குழுவில் கிட்டார் வாசிக்கிற பெண் ஒரு நர்ஸ். குவைத்தில் பன்னிரண்டு வருடம் வேலை செய்துவிட்டு ஊருக்கு வந்தவள். அங்கே அறையில் இருந்து வீடியோ பார்த்துப் படித்ததுதான் அவளுடைய கிட்டார். காலால் அமுக்கினால் கிட்டார் சத்தத்தைக் கரகரப்பாக்கித் தருகிற சின்னப் பெட்டி ஒன்று இருக்கிறது, பெடல் என்கிறார்கள். அதைச் செய்து தர முடியுமா என்று என்னிடம் கேட்டாள். வரைபடத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். திருவிழாக் கொடியேற்றத்துக்கு வேண்டும் என்றாள்.

எனக்கு ஆசைதான். பெட்டிக்கு, சுவரில் பதிக்கிற இரும்பு சுவிட்ச் பெட்டியை எடுத்துக்கொண்டேன். முதலில் சத்தமே வரவில்லை. சத்தம் வெளியே போகிற வயரைக் குத்துகிற அவுட்புட் ஜாக்கின் கால் பெட்டிச் சுவரில் தொட்டுக்கொண்டிருந்தது, டேப் சுற்றினேன். பிறகு ஒரே இரைச்சல். பெட்டிக்கு எர்த் கொடுத்ததும் அடங்கியது. குமிழைத் திருப்பும்போது கொரகொரவென்றது, சால்டர் சரியாகப் பிடிக்காத ஒரு காலைத் திரும்பப் பற்றவைத்தேன். நான்கு நாள் ஆயிற்று. வேலை செய்தபோது எனக்கு ரொம்பப் பெருமை.

வரைபடத்தில் ஒன்று மட்டும் எனக்குச் சரியாகப் படவில்லை. பேட்டரியின் கறுப்பு வயர் நேராக எர்த்துக்குப் போகாமல், கிட்டார் வயரைக் குத்துகிற ஜாக்கின் மூன்றாவது காலுக்குப் போய் நின்றது. அந்தக் காலிலிருந்து வேறு எங்கும் வயர் போகவில்லை. நான் அதை எடுத்து நேராகப் பெட்டியின் எர்த்தில் சேர்த்துவிட்டேன். அவளிடமும் சொன்னேன், “இந்தப் படம் போட்டவனுக்கு வயரிங் தெரியாது. நான் சரியாக்கிட்டேன்.”

“நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் அண்ணே,” என்றாள்.

வரைபடத்தின் அடியில், வாசித்து முடித்ததும் வயரைக் கழற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் பேட்டரி தீர்ந்துவிடும் என்று எழுதியிருந்தது. ஏன் என்று யோசிக்காமலே அதையும் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன்.

கொடியேற்றத்துக்கு மூன்று நாள் முன்பு பெட்டியைக் கொடுத்தேன். அன்று ஒத்திகையில் நன்றாக இருந்தது. பிறகு அவள் அதைத் தொடவில்லை.

கொடியேற்றப் பூசையில் நான் பக்கச் சுவரோரம் ஏணியில் நின்று சீரியல் லைட்டின் ஒரு வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நன்றிப் பாட்டின் நடுவில் அவள் பெடலை அமுக்கினாள். சத்தம் தொண்டை கட்டினது போல் இழுத்தது, விக்கியது, நின்றே போனது. பதறி மறுபடி அமுக்கினாள். பெட்டியின் வேலை நின்று, கிட்டாரின் வெறும் சத்தம் டங்கென்று பெரிதாகக் கேட்டது. கோயில் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

பூசை முடிந்ததும் குழுவை நடத்துகிற மாஸ்டர் என்னைக் கூப்பிட்டார். பத்துப் பதினைந்து பேர் சுற்றி நின்றார்கள்.

“வேய், இது நீரு செஞ்ச சாமானம்தானே? என்ன கேடு இதுக்கு?”

எனக்குக் கூட்டத்தில் பேச வராது. ஆனால் அன்று வந்தது. “பெட்டிக்கு ஒரு கேடும் இல்ல. வயர கழத்தாம வச்சா பேட்டரி செத்துப்போவும். நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேன்.”

“நான் கழத்தித்தான் அண்ணே வச்சேன்,” என்றாள் அவள். “எனக்க கையால சுருட்டிப் பையில போட்டேன்.”

லேசாகச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை எல்லோரும் பார்த்தார்கள்.

“பன்னெண்டு வருசம் குவைத்துல ஊசி போட்டவ, ஒரு பேட்டரிய பாத்து வைக்க முடியல்லியா?” என்றாள் குழுவில் பாடுகிற ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். திருவிழா முடியும்வரை கீபோர்டு போதும், கிட்டார் வேண்டாம் என்று மாஸ்டர் சொல்லிவிட்டார். அவள் பெட்டியை என் கையில் தந்து, “ஒண்ணு பாருங்க அண்ணே,” என்று மட்டும் சொன்னாள்.

அன்று மத்தியானமே திறந்தேன். புதுப் பேட்டரி போட்டு, கிட்டார் வயரே இல்லாமல், பெட்டியின் சின்ன விளக்கும் அணைந்திருக்க, பேட்டரிக்கும் கிளிப்புக்கும் நடுவில் மீட்டரை வைத்தேன். முள் பூஜ்யத்தில் நிற்க வேண்டும். நான்கு மில்லி ஆம்பியர் காட்டியது. எடுத்து மறுபடி வைத்தேன். அதே நான்கு.

ஜாக்கின் வெறுமையான மூன்றாவது காலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது புரிந்தது. கிட்டார் வயரைக் குத்தும்போது அந்தக் காலும் எர்த்தும் தொட்டுக்கொள்கின்றன. அப்போதுதான் கறுப்பு வயருக்கு வழி கிடைக்கிறது. கிட்டார் வயர்தான் சுவிட்ச். வேண்டுமென்றே கறுப்பில் வைத்திருக்கிறார்கள். காலால் அமுக்குவது சத்தத்தை மாற்ற மட்டும்தான், கரண்டை நிறுத்த அல்ல. ஒன்பது வோல்ட் பேட்டரி யாரையும் அடிக்காது. நான் சரியாக்கினதில், அவள் வயரைக் கழற்றி வைத்திருந்த மூன்று நாளும் பேட்டரி ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது.

என் மனைவி வந்து எட்டிப் பார்த்தாள். “கண்டுபிடிச்சாச்சா? அவளுக்க தப்பா?”

“பேட்டரி பழசு,” என்றேன்.

“நீங்கதானே கடையில போய் புதுசுன்னு வாங்கிட்டு வந்திய?”

நான் சால்டர் இரும்பைச் சொருகினேன். வயரை மாற்ற ஐந்து நிமிடம்தான் ஆனது. மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்து, “லூஸ் கான்டாக்ட்,” என்றேன். அவள் வாங்கிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு ஏழு நாள் அவள் பாடகர் குழுவில் நிற்காமல் பெண்கள் வரிசையில் முழங்காலிட்டிருந்ததை நான் ஏணியிலிருந்து பார்த்தேன். குழுவுக்குள் அவளுக்கு ‘பேட்டரி’ என்று பெயர் விழுந்திருந்தது. “பேட்டரி வந்தாச்சா?” “சார்ஜ் இருக்கா?” அவளும் சிரித்துக்கொள்வாள். ஒரு மருந்து மாறாமல் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்தேன் என்று முன்பெல்லாம் அடிக்கடி சொல்வாள். அதைச் சொல்வதை விட்டுவிட்டாள்.

திருவிழாவின் எட்டாம் நாள் எனக்குத் தாங்கவில்லை. மாஸ்டரைச் சாமான் அறைக்குள் கூப்பிட்டு, தப்பு என்னுடையது என்று தாழ்ந்த குரலில் சொன்னேன். “பின்னே அத அன்னைக்கே சொல்லக்கூடாதா வேய்?” என்றார். வெளியே போய் அவளிடம், பத்தாம் நாள் திருவிழாவுக்கு வாசி என்றார். எதற்கு என்று அவர் சொல்லவில்லை. அவள்தான் கேட்டு அறிந்துகொண்டு என்னிடம் வந்தாள்.

“அன்னைக்கு எல்லாருக்க முன்னாலயும் சொன்னிய. இத அவருக்க காதுல மட்டும் சொல்லியிருக்கிய.”

கோபமாகச் சொல்லவில்லை. மருந்துச் சீட்டு வாசிப்பது போலச் சொன்னாள்.

மறுநாள் ஒத்திகையில் போய் நின்றேன். பெட்டியைத் திறந்து, ஜாக்கைக் காட்டி, கறுப்பு வயர், மூன்றாவது கால் என்று என்னென்னவோ சொன்னேன். யாருக்கும் புரியவில்லை என்று தெரிந்ததும், “தங்கச்சி வயர கழத்தித்தான் வச்சிருக்கு. நான்தான் தப்பா வயர் குடுத்தேன். அவமேல பழி போட்டதும் நான்தான்,” என்றேன்.

“அப்போ நீரு போடுற தேருக்க லைட்டும் இப்பிடித்தானா வேய்? வழியில நிக்குமா?” என்றார் மாஸ்டர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் அதை வாங்கிக்கொண்டு நிற்க வேண்டுமே என்று நின்றேன். பிறகு, அன்று ஊசியைச் சொல்லிச் சிரிக்கவைத்த பாடுகிறவள் நர்ஸ் பக்கம் திரும்பி, “சரி பேட்டரி, கிட்டார எடு,” என்றாள். அவள் எடுத்தாள்.

அந்தப் பெயர் போகவில்லை. ஒருவர் முகத்துக்கு நேராகச் சிரித்ததை, எட்டு நாள் கழித்து வாயால் திருப்பி எடுக்க முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை.

இப்போது அவள் பெட்டியில் பேட்டரியே இல்லை. அடாப்டர் வாங்கி நேராகக் கரண்டில் குத்தி வாசிக்கிறாள். வயரைக் கழற்றினாலும் கழற்றாவிட்டாலும் ஒன்றுதான், அது அவளுக்கும் தெரியும். ஆனாலும் ஞாயிறு பூசை முடிந்ததும் பெட்டியிலிருந்து வயரை உருவி, குழுவில் உள்ள எல்லோரும் பார்க்கிற உயரத்துக்குத் தூக்கிப் பிடித்து, நிதானமாகச் சுருட்டுகிறாள். நான் அந்த நேரத்தில் மெயின் பலகையின் பக்கம் திரும்பி, அணைக்க வேண்டாத சுவிட்சுகளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.