புதுப் பெயின்ட் அடித்த இரட்டைப் படகு

கோபம் ஆறுவதற்குள் நம் குழுவுக்கு எழுதிவிட வேண்டும் என்று பஸ்ஸை விட்டு இறங்கி நேரே பிரௌசிங் சென்டருக்கு வந்துவிட்டேன்.

காலையில் மச்சினனோடு புன்னக்காயல் போயிருந்தேன். இரண்டு ஃபைபர் ஓடங்களை இணைத்து, மேலே தளம் போட்டு, எஞ்சின் மாட்டிய பழைய படகு ஒன்றை வாங்கத் துடிக்கிறான். பிள்ளைகளையும் அதில் கூட்டிப் போவானாம்.

எஞ்சினைத் தொட்டேன், சுட்டது. ஆறிய எஞ்சின் லேசில் கிளம்பாது என்றால்தான் முன்கூட்டியே ஓட்டி வைப்பார்கள்.

"நாங்க வாறதுக்கு முந்தியே ஓட்டிட்டியளா அண்ணாச்சி?"

"வாங்க வந்தீரா, விசாரிக்க வந்தீரா வே?" என்றார் படகுக்காரர்.

குனிந்து, ஓடமும் தளமும் சேரும் இடத்தைத் தட்டினேன். பெயின்ட் பொருக்காக உதிர்ந்தது. உள்ளே விரல் நுழையும் விரிசல்.

"பழசுன்னா கீறல் இருக்கத்தான் செய்யும்" என்றார் படகுக்காரர்.

"சரி, மூணு பேருமா கடலுக்குள்ள ஒரு சுத்து போயிட்டு வருவோம்."

அவர் முகம் மாறியது. "எனக்கு ஒடம்புக்கு முடியல. நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க."

அப்படியே திரும்பிவிட்டோம். மேலப்பாளையத்தில் இறங்கும்போது மச்சினன், "ஒங்க கண்ணுக்கு எதுதான் நல்லதாத் தெரியும் மச்சான்?" என்றான்.

ஆளை முழுசாக வீடு சேர்த்ததற்கு இதுதான் மரியாதை. குழுவில் மச்சினன் உள்ளவர்கள் பதில் போடுங்கள்.