விதைக்கடலைத் தயிர்

திருச்சானூரில் நான் வேலை பார்க்கும் லாட்ஜுக்குப் போன வாரம் ஒரு பெண் வந்திருந்தாள். காபி கேட்டுவிட்டு, "பசும்பால் வேணாம் அண்ணா, இதுல போட்டுக் குடுங்க" என்று ஒரு பாட்டிலை நீட்டினாள். வேர்க்கடலைப் பாலாம், வீட்டில் அரைத்ததாம். மூடியைத் திறந்ததும் அந்தப் பச்சை வாசனை வந்தது. டம்ளர் தேடுகிறவன்போல் உள்ளே போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

எனக்கும் அந்தப் பாலைக் காய்ச்சத் தெரியும். சிரிக்காதீர்கள், வெந்நீரைத் தீயவிட்டவன்தான். ஆனால் நைனா, என் அப்பா, என் அறையில் கிடந்தபோது வேறு வழியில்லை. வயிற்றில் ஆபரேஷன் முடிந்து, டாக்டர் "பாலு வத்து, பெருகு வத்து" என்று தெலுங்கில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பாலும் தயிரும் கூடாது என்றால் நைனாவுக்குச் சோறே கூடாது என்று அர்த்தம். வாழ்நாள் முழுக்கத் தயிர்ச்சோற்றில் நின்ற மனிதர். ரசம், கஞ்சி எதை வைத்தாலும் தட்டைத் தள்ளிவிடுவார்.

"எறங்கலடா. இன்னா பண்ண சொல்ற?"

எலும்பெல்லாம் எண்ணிவிடலாம்போல் ஆகிவிட்டார். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. போனில் ஒரு அம்மாள் கடலைப் பாலில் மிளகாய்க் காம்பு போட்டுத் தயிர் உறைய வைத்துக் காட்டினாள். அவளுடைய அடுப்பில் ஒரு துளி பொங்கவில்லை. என் அடுப்போ அணைந்தே போனது. புது வேட்டியைக் கிழித்து வடிகட்டினேன். உறைந்ததை நைனா நாக்கில் வைத்ததும், "காறுதுடா" என்று துப்பினார். கடலை பயிரிட்டவரை ஏமாற்ற முடியுமா? வேறு வேறு கடைகளில் வாங்கிப் பார்த்தேன். எல்லாம் பழைய சரக்கு.

கட்டிலடியில் ஒரு சின்னச் சாக்கு இருந்தது. வடமாலபேட்டை வீட்டிலிருந்து வரும்போது துணிமணியைக்கூட மறந்தவர், அதை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறியிருந்தார். விதைக்கடலை. வீட்டில் எலி தின்றுவிடுமாம். காலையில் கண் விழித்ததும் கேட்பது ஒன்றுதான்: "ஆடி பொறக்க எத்தினி நாள் கீது?"

பசித்தாலும் எங்கள் ஆட்கள் விதையில் கை வைக்க மாட்டார்கள். நான் வைத்தேன். அவர் தூங்கும்போது ஒரு கை அள்ளி, உரித்து, ஊறப்போட்டு அரைத்தேன். பால் இனித்தது, தயிர் கட்டியாக உறைந்தது. நைனா தட்டை வழித்துத் தின்றார். மறுநாளும் அள்ளினேன், அதற்கு மறுநாளும். முகத்தில் கொஞ்சம் தெம்பு வந்தது. சாமியைக் கும்பிட்டேன் என்று நினைக்கிறீர்களா? மறந்தே போனேன், அவ்வளவு சந்தோஷம்.

அந்தத் தெம்புதான் வினையாகப் போனது. ஒருநாள் மத்தியானம் யாரும் பிடிக்காமல் தானே எழுந்து உட்கார்ந்தார். சோற்றுத் தட்டோடு நான் வரும்போது சாக்கை இழுத்து மடியில் வைத்திருந்தார். வெறும் சாக்கு. கையை உள்ளே விட்டுத் துழாவினார். பிறகு என் கையிலிருந்த தட்டைப் பார்த்தார்.

"அப்போ, இந்த வருசம் நான் வெதைக்கமாட்டேன்னு நீ முடிவு பண்ணிட்டியா?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். தட்டை வாங்கி, நிதானமாகத் தின்று முடித்தார்.

"நல்லாத்தான் கீது" என்றார்.

மறுநாள் காலை ஆடியைப் பற்றிக் கேட்கவில்லை. அதற்குப் பிறகு கேட்கவே இல்லை. ஆடி பிறக்குமுன் போய்விட்டார்.

அந்த நிலத்தில் இப்போது பிளாட் கல் நட்டிருக்கிறார்கள். அந்தச் சின்னச் சிவப்புக் கடலையை எந்தச் சந்தையிலும் பார்க்க முடியவில்லை. பார்த்தால் மட்டும் என்ன? அன்றைக்குச் சாக்கின் மூலையில் ஒரே ஒரு கை மிஞ்சியிருந்தால்கூடப் போதும், "இதோ கீது நைனா, நீதான் வெதைக்கப் போற" என்று காட்டியிருப்பேன். கடைசிக் கையையும் அன்று காலையில்தான் அரைத்தேன்.