உடும்புக்கு அளவெடுத்தவள்

கழுத்தில் தொங்கும் டேப்பை உருவி, தையல் சாக்கட்டியால் பின்கட்டுத் தாழ்வாரத்துத் தரையில் கோடு இழுத்துக்கொண்டிருக்கிறாள் கனகம். தையல் மெஷினிலிருந்து சந்துப் பக்கத்துத் தூண் வரைக்கும் ஒரு கோடு. அங்கிருந்து சுவர் வரைக்கும் இன்னொன்று. கோட்டுக்குள் யார் கால் வைத்தாலும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். ரவிக்கை வாங்க வந்த ராமாமணி வைத்துவிட்டாள்.

“ஏனுங்க, கண்ணு பொடனியிலீங்களா இருக்குது? அது அவன் தண்ணித் தொட்டி வெக்கற எடமுங்க!”

‘அவன்’ ஒரு உடும்பு. துடியலூர்ப் பக்கம் கரும்பு வெட்ட வந்தவர்கள் வாலைக் கழுத்தோடு சேர்த்துக் கட்டிக் குழம்புக்குத் தூக்கிப் போனபோது, வழிமறித்துப் பிடுங்கி வந்தாள். முன்னங்கால் முறிந்திருந்தது. வெட்டுத்துணி சுற்றி ஆற்றினாள். இப்போது கோழிக் கொடாப்புக்குள் வாலை நீட்ட இடமில்லாமல் வளைந்து கிடக்கிறது. அதற்குக் கூண்டு கட்டத்தான் இந்தக் கோடு.

கோபம் கனகத்துக்குக் கூடப் பிறந்தது. எத்தனை கோபத்திலும் மரியாதை மட்டும் குறையாது. மூட்டுவலிக்கு ஒரு சொட்டு உடும்பெண்ணெய் கிடைக்குமா என்று பக்கத்து வீட்டுப் பொங்கியண்ணன் கேட்டார்.

“உங்க தொடையில ஒரு துண்டு அறுத்துக் குடுங்க, காய்ச்சித் தாரேனுங்க.”

“சரிங்க அம்மணி” என்று சொல்லிவிட்டு, தெருமுனை போன பிறகுதான் அவர் நின்று திரும்பிப் பார்த்தார்.

கூண்டுக்குப் பலகை கொண்டுவந்தது அவள் கணவர் அரங்கசாமி. மில்லில் மெஷின் பழுது பார்க்கும் பிட்டருக்குக் கையாள். சீமையிலிருந்து அங்கே மெஷின் வந்த பெட்டிகளைப் பிரித்து, பலகைகளைத் தோளிலேயே சுமந்து வந்தார். “உன்ற ஆசைக்குத்தான் கனகு” என்றார். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவளுக்கென்று அவர் சுமந்த முதல் சுமை. அன்றைக்கு அவள் யாரையும் திட்டவில்லை.

கோட்டைமேட்டிலிருந்து தச்சு வேலைக்கு ரசாக் பாய் வந்தார். நகத்தால் பலகையைப் பிறாண்டாமலிருக்க உள்ளே தகரம், முன்பக்கம் கம்பிவலை, தோண்டிக்கொள்ள அடியில் மணல். கதவு ஒன்றே ஒன்று, மெஷினைப் பார்த்து. மிதித்துக்கொண்டே அவள் கண் வைத்திருக்கலாம்.

“வளர்ற உடம்புங்க பாய். கொஞ்சம் தாராளமா உடுங்க.”

“அதுக்குன்னு ஆனைய அடைக்கற அளவுக்குங்களா அம்மணி?”

“உங்க ஊட்டுப் பலகையக் கேக்கலைங்க. அறுங்க.”

தைத்த துணிகளைக் கொடுத்துவிட்டு அவள் திரும்பிய ஒரு மத்தியானம், கூண்டின் சந்துப் பக்கத்தில் இன்னொரு கதவு இருந்தது. சின்னக் கதவு. கொக்கி வெளியே.

“இது யாரு வெக்கச் சொன்னதுங்க?”

“உங்க ஊட்டுக்காரருதானுங்க. கூட்டி அள்ளறதுக்குன்னாருங்க. சாக்கு வாய் அகலம் இருக்கோணும்னு, சாக்கையே கொண்டாந்து புடிச்சுக் காட்டினாருங்க.”

கனகம் கொக்கியைக் கழற்றி மாட்டிப் பார்த்தாள். ஷிப்டு முடிந்து அரங்கசாமி வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டாள்: “சாக்கு எதுக்குங்க?”

அவர் பாயைப் பார்த்தார். பாய் இழைப்புளியைத் தட்ட ஆரம்பித்தார்.

“நம்ம மில்லு லட்சுமணசாமி மேஸ்திரிக்கு இடுப்பே எந்திரிக்கலைங் கண்ணு. உடும்பு ரத்தம் குடிச்சா நிமிந்துருவாராமா. என்னையப் பிட்டராப் போட்டுருவாரு. கொஞ்சம் சதை புடிக்கட்டும்னுதான்...”

“சந்து வழியாத் தூக்கிட்டுப் போயிட்டு, ஓடிப்போச்சுன்னு சொல்லியிருப்பீங்க?”

“உனக்கு வேற ஒண்ணு புடிச்சாந்து தாரேன் கனகு.”

“பலகை சுமந்தது மேஸ்திரிக்குங்களா?”

அரங்கசாமி தலை குனிந்தார். அவள் முகம் சிவந்து, காதோரம் நரம்பு துடித்தது. கத்துவாள் என்று சந்துக்கு அந்தப் பக்கம் ராமாமணி வீட்டு ஜன்னல் திறந்தது. கனகம் கத்தவில்லை. சின்னக் கதவை அறைந்து சாத்தினாள். பாயின் பையிலிருந்து நீளமான ஆணி ஒன்றைப் பொறுக்கினாள். சுத்தியலை எடுத்துக் கணவர் கையில் திணித்தாள். கதவும் சட்டமும் சேருமிடத்தில் ஆணியை நிறுத்தி, இரண்டு விரலால் பிடித்துக்கொண்டாள்.

“அடிங்க.”

“கைய எடு கனகு, பட்டுப்போடும்.”

அவள் எடுக்கவில்லை. அவர் மெல்லத் தட்டினார். ஆணி இறங்கவில்லை.

“பலமா அடிங்க” என்றாள், விரல்களை இன்னும் ஆணியின் கொண்டைக்குப் பக்கத்தில் நகர்த்தி.