தேர் நிலைக்கு வரும்வரை

இடுப்பெலும்பின் அடியில், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு புடைப்புகள் இருக்கின்றன. உட்கார்ந்தால் உடம்பின் பாரம் முழுக்க அவற்றின்மேல்தான். உள்ளங்கையை அடியில் கொடுத்து உட்கார்ந்து பாருங்கள், தட்டுப்படும். முத்துப்பேச்சிக்கு அப்படித்தான் காட்டிக்கொடுத்தாள், வீட்டுக்கு வந்து பிசியோதெரபி செய்யும் ஜெனிலா.

"நமக்கு உறுத்துனா நாமளே அசைஞ்சு உக்காந்துக்கிடுவோம்க்கா. அண்ணனுக்கு உறுத்தாது. எலும்புக்கும் நாற்காலிக்கும் நடுவுல சதை நசுங்கிச் செத்துப்போவும். கால்மணிக்கு ஒருதரம் தூக்கி விட்டுருங்க."

செண்பகத்தோப்புப் பக்கம் மாங்காய் பறிக்க ஏறி, கிளை முறிந்து விழுந்ததிலிருந்து அவள் புருஷன் சோலைராஜுக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி கிடையாது. முத்துப்பேச்சி ராஜபாளையத்து மில் வேலையை விட்டாள். அவன் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்குவதே வேலையாகிப் போனது. அவன் உடம்பில் ஒரு சிராய்ப்பு வரவிடவில்லை, மகராசி.

ஆனால் மனுசன் சிரிக்கவே மறந்துவிட்டான். ஆடிப்பூரத்துக்குத் தேர் பார்க்கணும் என்று அவன் வாய்விட்டுக் கேட்டபோது, மாட்டேனென்று சொல்ல அவளுக்கு நா எழவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஆட்டோவில் கூட்டிப்போய் ரத வீதியில் சக்கர நாற்காலியைப் போட்டாள். வருசா வருசம் வடம் பிடித்தவன் என்று தெரிந்தவர்கள், வடத்தைக் கொண்டுவந்து அவன் கையில் தொடக் கொடுத்தார்கள். இழுக்க மாட்டாமல் வடத்தைத் தொட மட்டும் செய்தவன், தேர் நிலைக்கு வரும்வரை இருந்த இடத்தை விட்டு அசையக்கூடாது என்பது அவன் வீட்டு வழக்கம்.

அவள் தூக்க வந்தபோதெல்லாம் கையைத் தட்டிவிட்டான்.

"செத்த நேரம் பொறுட்டி. தேரு அசையுது பாரு!"

கோவிந்தா போட்டுக்கொண்டு சின்னப்பிள்ளை மாதிரி சிரித்தான். அந்தச் சிரிப்பைக் கெடுக்க எந்தப் பொண்டாட்டிக்கு மனசு வரும், சொல்லுங்கள். ஒருநாள்தானே என்று அவளும் விட்டுவிட்டாள். தேர் நிலைக்கு வரப் பொழுது சாய்ந்துவிட்டது.

வீட்டில் துடைத்துவிடும்போதுதான் பார்த்தாள். வலது பக்கத்துப் புடைப்புக்கு நேராக எலுமிச்சம்பழ அளவில் கருஞ்சிவப்பு. மேலே அம்புட்டுத்தான். உள்ளே எலும்புவரை சதை செத்திருந்தது. ஆஸ்பத்திரியில் வெட்டினார்கள், கழுவினார்கள், ஊசிக்கு மேல் ஊசி போட்டார்கள். சீழ் எலும்பில் ஏறி ரத்தத்தில் கலந்தது. குப்புறப் படுத்தபடியே அவன் தேரைப் பற்றித்தான் பேசினான், அடுத்த வருசமும் போவோம் என்றான். எதனால் வந்த புண் என்று அவள் கடைசிவரை அவனிடம் சொல்லவில்லை. கார்த்திகையில் போய்விட்டான்.

துக்கம் கேட்க வந்த பெண்கள் அவளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள்.

"கண்ண மூடுறதுக்குள்ள தேரக் காட்டிட்டியேட்டி. அந்தப் புண்ணியம் ஒண்ணு போதும் ஒனக்கு."

ஆளாளுக்கு அதையே சொன்னார்கள். முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு, ஒவ்வொருத்திக்கும் ஆமாம் என்று தலையாட்டினாள் முத்துப்பேச்சி.