நிறைந்த பாத்தியின் சத்தம்

மூன்றாம் பாத்தி நிறைந்துவிட்டதைக் கண்ணைத் திறக்காமலே அறிந்து, அற்புதராணி வாங்கிலிருந்து எழுகிறார். "ஆண்டவரே, கொஞ்சம் பொறும், வாறன்" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு மண்வெட்டியை எடுக்கிறார். நான்காம் பாத்தியின் வாயை வெட்டிவிட்டு, மூன்றாவதன் வாயை இரண்டு கொத்து மண்ணால் அடைக்கிறார். திரும்பி வந்து இருந்து, கண்ணை மூடி, விட்ட இடத்திலிருந்து செபத்தைத் தொடங்குகிறார். ஏழு நிமிடம் செல்கிறது. நான்காம் பாத்தியும் நிறைந்துவிடுகிறது.

அவருக்கு வயது அறுபத்திரண்டு. மானிப்பாயில் முப்பது ஆண்டுகள் தாதியாக இருந்து இளைப்பாறியவர். சண்டிலிப்பாயில் தகப்பனார் விட்டுச்சென்ற நான்கு பரப்புக் காணியில் தனியே வாழ்கிறார். தகப்பனார் புகையிலை நட்ட செம்மண்ணில் இவர் நட்டிருப்பவை மாதுளை, தேசி, நந்தியாவட்டை, செவ்வரத்தை, மல்லிகை. நடுவே தேசிமர நிழலில், உட்கார்ந்து செபிக்க ஒரு மரவாங்கு. அதை ஒட்டியே வாய்க்கால் ஓடுகிறது. செபிக்க விரும்பும் எவரும் வரலாம். எந்தச் சபை என்று அவர் கேட்பதில்லை. படலையில் தம் கையாலேயே எழுதிய பலகை ஒன்றைத் தொங்கவிட்டிருக்கிறார்: "செபத்துக்கு வருபவர்கள் படலையைச் சாத்திவிட்டு வரவும். ஆடு வரும்."

வருகிறார்கள். நோயாளியை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வருகிறவர்கள், பரீட்சைக்கு முதல் நாள் வருகிற பிள்ளைகள், எதற்கென்று சொல்லாமல் வந்து அழுதுவிட்டுப் போகிறவர்கள். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் விரிவுரையாளர் நிவேதனா சனிக்கிழமை தவறாமல் இரண்டு பஸ் மாறி வருவார். ஒரு மணி நேரம் அசையாமல் இருந்துவிட்டு, முகம் கழுவியவர்போல எழுந்து வருவார்.

"அன்ரி, உங்கடை தோட்டத்துத் தண்ணிச் சத்தம் இருக்கே, அதைக் கேட்டாலே மனம் அடங்கிப்போகுது."

"ஓம் பிள்ளை, நல்லது" என்பார் அற்புதராணி. அப்பால் திரும்பி ஒரு புல்லைப் பிடுங்குவார்.

அவர் செய்த பிழை அந்தச் சத்தத்தில்தான் இருக்கிறது. பத்தாண்டுகளுக்கு முன் தோட்டம் உண்டாக்கியபோது, ஓடும் நீரின் ஓசை தியானத்துக்கு உகந்தது என்று ஒரு போதகர் சொன்னாராம். அதை நம்பி, கிணற்றடியிலிருந்து நேராகப் போகவேண்டிய வாய்க்காலை வளைத்து, வாங்கின் காலடியால் கொண்டுவந்தார். போதகர் தோட்டக்காரரின் மகன் அல்லர். அற்புதராணியோ எட்டு வயதிலிருந்து விடியற்காலையில் புகையிலைக்குத் தண்ணீர் மாறியவர். தகப்பனார் கிணற்றடியில் நின்று இறைப்பார்; மகள் பாத்தி பாத்தியாகத் திருப்பிவிட வேண்டும். காய்ந்த பாத்தி தண்ணீரைக் குடிக்கும்போது சலசலக்கும். நிறைந்தால் சத்தம் அடங்கும். அடங்கிய பிறகும் மகள் சும்மா நின்றால் வரம்பு உடையும்; "எங்கை உன்ரை காது?" என்று கிணற்றடியிலிருந்து குரல் வரும். மற்றவர்கள் அமைதி என்று அனுபவிக்கிற அந்தக் கணம்தான் இவரை எழுப்பிவிடுகிற கணம்.

கிணற்று மோட்டரை நிறுத்திவிட்டு இருந்து பார்த்திருக்கிறார். எந்தச் செடி வாடுகிறதோ என்ற கவலை வந்தது. மாலையில் இருந்து பார்த்தார். நத்தைகள் ஊர்ந்தன, பழைய பால்மா டின்னை எடுத்துக்கொண்டு அவற்றைப் பொறுக்கப் போய்விட்டார். தம் சபையின் கோயிலில் இருக்கலாமே என்றால், "அங்கை விசிறி கிறீச்சிடுது. எண்ணெய் விடச் சொல்லி ஆருக்கும் விளங்குதில்லை" என்கிறார்.

எதற்காக இந்தப் பாடு? அவர் ஒருமுறைதான் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார், அயலில் இருக்கும் குணலட்சுமியிடம். தொண்ணூற்றைந்தாம் ஆண்டு யுத்த இடப்பெயர்வில் ஊரே தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது, கொடிகாமத்தில் முன்பின் தெரியாத ஒருவருடைய மாமர வளவில் பதினேழு நாள்கள் கிடந்தார்கள். நான்காம் நாட்காலை, அவர் ஒரு மரத்தடியில் சாய்ந்திருந்தார். சுற்றிலும் குழந்தைகளின் அழுகை, புகை, சண்டை. "ஆரோ பக்கத்திலை வந்து இருந்தமாதிரி. கதைக்கேல்லை. தொடேல்லை. ஒரு அரை மணித்தியாலம் இருக்கும். பிறகு போயிட்டார்." அந்த அரைமணிக்காகத்தான் மரங்களையும் நிழலையும் வாங்கையும் இங்கே கட்டியெழுப்பினார். முப்பது ஆண்டுகளில் அது மறுபடி வரவில்லை.

குணலட்சுமி காலைதோறும் பிள்ளையாருக்குப் பூப் பறிக்க வருகிறவர். திருநெல்வேலிச் சந்தையடியில் கடை வைத்திருந்தவரின் மகள்; பேச அஞ்சாதவர்.

"ராணியக்கா, உங்கடை யேசு பாவம். உங்களைப் பிடிக்கிறதெண்டால் அவரும் பின்னாலை ஓடித்திரியவேண்டிக் கிடக்கு. எங்கடை பிள்ளையாரைப் பாருங்கோ, ஒரு இடத்திலை இருக்கிறார். பூவைக் கொண்டுபோய் வைச்சால் சரி."

"உமக்கென்ன, உம்மடை ஆள் அசையமாட்டார். என்ரை ஆள் ஒருக்கா வந்திட்டுப் போனவர்."

குணலட்சுமி சிரிக்கவில்லை. கூடையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "அந்தக் கொடிகாமத்து வளவிலை ஆர் தண்ணி மாறினது?"

"எனக்கெப்பிடித் தெரியும்? அது ஆரோ ஒராளின்ரை வளவு."

"அதுதான் சொல்லுறன்."

லெந்து என்னும் தவக்காலத்தின் இரண்டாம் சனிக்கிழமை நடந்த பேச்சு இது. அன்று நிவேதனா வரவில்லை. வாங்கு வெறுமையாகக் கிடந்தது. மழை விட்டு ஆறு வாரம். நிலம் தாகத்தில் இருந்தது. மூன்று தடவை எழுந்து நான்காம் தடவையும் எழுந்த அற்புதராணியின் கையிலிருந்து குணலட்சுமி மண்வெட்டியைப் பறித்துக்கொண்டார்.

"நீர் மாறுவீரோ?"

"ஏன், உதென்ன ஒப்பரேசனே?"

அற்புதராணி சொல்லிக்கொடுத்தார். முதலில் அடுத்த பாத்தியின் வாயை வெட்டவேண்டும், பிறகு நிறைந்ததை அடைக்கவேண்டும், மண்ணைக் காலால் மிதித்து இறுக்கவேண்டும். ஆறாம் பாத்தியில் வியாழக்கிழமை நட்ட மல்லிகைக் கன்றுகள், அங்கே கவனம். எல்லாவற்றையும் மூன்று முறை சொன்னார்.

"ஓம், ஓம், விளங்கீட்டுது. போய் இருங்கோ. இனி எழும்பினீங்களெண்டால் நாளையிலையிருந்து நான் பூவுக்கு வரமாட்டன். என்ரை பிள்ளையார் பட்டினி கிடந்த பழி உங்களுக்குத்தான்."

இருந்தார். கண்ணை மூடினார். சேலைத் தலைப்பைத் தலையில் இட்டுக்கொண்டார். ஐந்தாம் பாத்தி சலசலத்தது. அந்தப் பாத்தி நிறைய எவ்வளவு நேரம் செல்லுமென்று உள்ளே ஒரு மூலையில் எண்ணிக்கை ஓடியது. அதன் குறுக்கே "ஆண்டவரே" என்ற ஒரு சொல்லை வைத்தார். எண்ணிக்கை நின்றது, மறுபடி ஓடியது. மறுபடியும் அந்தச் சொல். மண்வெட்டி மண்ணில் விழுந்த சத்தம் கேட்டது. வாய் வெட்டிய இடம் பிழை. குணலட்சுமி அரைச்சாண் தள்ளி வெட்டியிருக்கிறார் என்று சத்தத்திலேயே தெரிந்தது. அற்புதராணியின் உதடுகள் இறுகின. ஆனாலும் தண்ணீர் ஆறாம் பாத்திக்குள் இறங்கிவிட்டது.

தேசி இலைகளூடே காற்று வந்தது. தூரத்தில் ஒரு பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு போயிற்று. முகத்தில் விழுந்த வெயில் ஒரு விரலளவு நகர்ந்தது. நெற்றியின் சுருக்கம் மெல்லத் தளர்ந்தது, மூச்சு நீண்டது. இவ்வளவு நேரம் அவர் அந்த வாங்கில் இருந்ததில்லை.

ஆறாம் பாத்தி அடங்கியது.

மண்வெட்டிச் சத்தம் வரவில்லை. வந்தது, நந்தியாவட்டையின் கிளை வளைந்து விடுபடும் சத்தம். குணலட்சுமி அந்தப் பக்கம் திரும்பி நின்று பிள்ளையாருக்குப் பூப் பறித்துக்கொண்டிருந்தார். ஏதோ ஒரு பாட்டையும் முணுமுணுத்தார். தண்ணீர் வரம்பின் விளிம்புக்கு ஏறியது. ஈரமண் ஒரு பிடி சளக்கென்று சரிந்தது. இன்னும் ஒரு பிடி சரிந்தால் வரம்பு உடையும். கன்றுகள் வேரோடு கிளம்பும்.

அற்புதராணியின் குதிகால்கள் நிலத்தைவிட்டு எழுந்தன. கண் இமைகள் துடித்தன. அவர் கண்ணைத் திறக்கவில்லை. குதிகால்களை மெல்ல இறக்கி நிலத்தில் ஊன்றினார். பிறகு இரண்டு கைகளையும் தொடைகளின் கீழே செலுத்தி, அவற்றின்மேல் பாரம் முழுவதையும் வைத்து இருந்துகொண்டார்.