ஆறு டயரில் ஒன்று

பொன்னையா கெட்டவன் என்று ஒருத்தராவது என்னிடம் வந்து சொல்லியிருந்தால் நான் நிம்மதியாக இருந்திருப்பேன். டிக்கோயாவுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் எண்ணூறு பேர் இருந்தார்கள். ஒருத்தர் சொல்லவில்லை. அவனைப் பற்றி யாராவது சொல்ல வேண்டுமென்றால் நான்தான் சொல்ல வேண்டும். அவனை என்னைப் போலக் கவனித்தவன் வேறு யாரும் கிடையாது. எந்தக் கிழமை முடி வெட்டுவான், எத்தனை சட்டை வைத்திருக்கிறான், எல்லாம் எனக்கு மனப்பாடம்.

இரண்டு பேரும் ஒரே வருஷம் தோட்டத்து லொறியில் கிளீனராகச் சேர்ந்தோம். ஒரே சாக்கை விரித்து உட்கார்ந்து ஒரே ரொட்டியைப் பிய்த்துத் தின்றவர்கள். அவனைவிட நான் எட்டு மாதம் மூத்தவன். லைசென்ஸ் எடுத்ததும் நான்தான் முதலில். ஐம்பத்தாறாம் வருஷம், தோட்டத்தை நடத்தும் துரையின் பழைய கார் டிரைவர் வேலையைவிட்டு நின்றபோது, அடுத்தது அழகுமுத்துதான், அதாவது நான்தான் என்று வரிசை வீடுகளில், லயத்துக்கு லயம் பேச்சு. என் பெண்சாதி அம்மாக்கண்ணு அதை நம்பி, வெள்ளைச் சட்டைக்கு நீலம் போட வேண்டும் என்று நீலக்கட்டிகூட வாங்கி வைத்துவிட்டாள்.

துரை எங்கள் இரண்டு பேரையும் பங்களாவுக்குக் கூப்பிட்டார். வாசலில் துரைசானியின் நாய் ஜிம்மி நின்றது. என்னைக் கண்டதும் பல்லைக் காட்டிக்கொண்டு குரைத்தது. பொன்னையா பக்கத்தில் போனதும் வாலை ஆட்டி அவன் கையை நக்கியது. துரைசானி சிரித்தார். அதைப் பார்த்துத் துரையும் சிரித்தார். அவ்வளவுதான் பரீட்சை. கார் அவனுக்குப் போயிற்று. எனக்கு லொறி.

அந்தக் கார் ஆஸ்டின், முப்பத்து நாலாம் வருஷத்தது. துரை சின்னத்துரையாக வந்த காலத்தில் வாங்கியது. பெரிய துரையான பிறகும் விற்க மனம் வரவில்லை. கரும்பச்சை உடம்பு, பின்னால் முதுகில் மாட்டிய ஸ்டெப்னி டயர். அது வளைவில் வரும்போது கங்காணிமார்கூட ஒதுங்கி நிற்பார்கள். என் லொறி வந்தால் ஆடுகூட ஒதுங்காது. நான் தேயிலைப் பெட்டிகளை அட்டன் ஸ்டேஷனில் இறக்கிவிட்டு, தலையெல்லாம் தூசியோடு திரும்புவேன். எதிரே அவன் வெள்ளைச் சட்டையில் ஒரு சுருக்கம் இல்லாமல் வந்து, காரை ஓரம் கட்டி, எனக்கு வழி விடுவான். வழி விட்டதோடு நிற்க மாட்டான். "அண்ணே, சாப்டீங்களா?" என்று கேட்பான். எனக்கு வயிறு எரியும்.

தலைக்கனம் பிடித்து ஆடியிருந்தால் நாலு பேரிடம் திட்டித் தீர்த்திருப்பேன். ஆடவே இல்லை அந்தப் பாவி. துரைசானி கொடுக்கும் கேக்கில் பாதி எங்கள் வீட்டுக்கு வரும். அம்மாக்கண்ணு அதை ஆசையாகத் தின்றுவிட்டு, "பொன்னையா தம்பிக்கு எம்புட்டு நல்ல மனசு பாருங்க" என்பாள். நான் எழுந்து வெளியே போய் பீடி பற்றவைப்பேன்.

அறுபத்திரண்டில் ஆஸ்டினின் டயர்கள் தேய்ந்து மொட்டையாகிவிட்டன. வெளிநாட்டுச் சாமான் வருவது குறைந்து போயிருந்த நேரம் அது. அந்தக் காலத்துக் கார் டயர் கொழும்பிலேயே இல்லை என்று சொல்லிவிட்டார்கள். கடைசியில் அட்டனில் குணரத்தினம் முதலாளியின் கடையில் கிடக்கிறதாம் என்று தகவல் வந்தது. ஸ்டெப்னியோடு சேர்த்து ஐந்து வாங்கி வரும்படி துரை உத்தரவு போட்டார். பொன்னையா நேரே என்னிடம் வந்தான்.

"அண்ணே, நீங்களும் வாங்க. இதுவரைக்கும் கொழும்புலேருந்து அனுப்புனதத்தான் மாட்டியிருக்கேன். கடையில பாத்து எடுத்துப் பழக்கமில்ல. டயரப் பத்தி இந்தத் தோட்டத்துல ஒங்களுக்குத் தெரிஞ்ச மாதிரி யாருக்குத் தெரியும்? துரைகிட்டயும் சொல்லிட்டுத்தான் வந்தேன்."

உண்மைதான். லொறிக்காரன் வெடித்த டயரோடு குடும்பம் நடத்துகிறவன். போனேன்.

குணரத்தினம் யாழ்ப்பாணத்து மனிதர். கடையின் பின்னறையைத் திறந்துவிட்டு, ஒளிவு மறைவில்லாமல் சொன்னார்.

"ஆறு கிடக்கு. அஞ்சு போன வருசம் வந்த சரக்கு. ஒண்டு மட்டும் அதுக்குக் கனகாலம் முந்தி வந்தது. எல்லாம் கலந்து போச்சு, எதெண்டு எனக்கு விளங்கேல்லை. நீங்களே பாத்து அதை விட்டிட்டு மற்றதை எடுங்கோ. பிறகு என்னட்டைச் சண்டைக்கு வரக்கூடாது."

ஆறும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருந்தன. பொன்னையா கைக்குட்டையை எடுத்து ஒவ்வொன்றாகத் துடைத்து, குழந்தை முகத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். டயரைத் துடைத்துப் பார்த்து என்ன தெரியப் போகிறது? பக்கவாட்டில் கட்டைவிரலை வைத்து அழுத்தி, வளைத்து விரித்துப் பார்க்க வேண்டும். வருஷக்கணக்காகக் கிடந்த ரப்பர் என்றால் தலைமயிர் கனத்தில் வெடிப்புகள் வாயைத் திறக்கும். மேட்டிலும் வளைவிலும் சூடேறினால் அந்த இடம்தான் முதலில் பிளக்கும். முதல் இரண்டும் நல்லவை. மூன்றாவதை விரித்தேன். வரிசையாக வெடிப்பு. பின்பக்கம் ஒரு சின்ன வெள்ளைச் சுண்ணாம்புக் கறையும் இருந்தது. விரலை எடுத்துக்கொண்டேன்.

"எத விடலாம்ணே?"

அவன் சட்டையைப் பார்த்தேன். அத்தனை தூசிக்குள்ளும் அதில் ஒரு பொட்டு அழுக்கு இல்லை.

"எல்லாம் ஒன்னுதான்" என்றேன். "ஒனக்குப் புடிச்சத எடு."

அவன் ஓரத்தில் இருந்த நல்ல டயர் ஒன்றை விட்டுவிட்டு, சுண்ணாம்புக் கறை பட்டதையும் சேர்த்து ஐந்தை எடுத்தான். நான் தூக்கி ஏற்றிவிட்டேன்.

அவன் சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. சத்தியமாக இல்லை. பாதி வழியில் டயர் வெடிக்க வேண்டும், துரை சகதியில் இறங்கி நிற்க வேண்டும், எவன் பார்த்து எடுத்த டயர் என்று கத்த வேண்டும், இவன் கணக்கை முடித்துப் பத்துச்சீட்டைக் கொடுத்து வேலையைவிட்டு அனுப்ப வேண்டும். என் ஆசை அந்த அளவுதான். என் பேரும் அதில் அடிபடும் என்றுகூடத் தோன்றவில்லை, புத்தி அப்படி மழுங்கிக் கிடந்தது.

டயர் மாட்டும்போது கூடவே நின்றேன். கறை பட்டது, கறை உள்பக்கமாக மறைந்து, முன்னால் இடது பக்கம் போயிற்று. மாரியம்மன் கோயில் முன்னால் காரை நிறுத்தி மாலை போட்டு, சூடம் காட்டினார்கள். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைக்க வேண்டும். பூசாரி பழத்தைப் பொன்னையாவிடம் நீட்டினார். அவன் வாங்கி என்னிடம் கொடுத்தான்.

"நீங்க வைங்கண்ணே. ஒங்க கைராசிதான்."

முன் இடது சக்கரத்துக்கும் என் கையாலேயே பழம் வைத்தேன். கார் ஏறிப் பழம் நசுங்கியதும் எல்லாரும் கைதட்டினார்கள். அம்மாக்கண்ணுவும் தட்டினாள். கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து அப்போதுதான் வயிற்றில் தங்கியிருந்தது, ஐந்து மாதம்.

அதற்குப் பிறகு தினமும் காலையில் கார் பங்களாவை விட்டு இறங்கும்போது என் கண் அந்தச் சக்கரத்துக்குத்தான் போகும். ஒரு மாதம் போயிற்று, இரண்டு மாதம் போயிற்று. நுவரெலியா போனான், தலவாக்கலை போனான், கண்டிக்கே போய் வந்தான். சேற்றோடு திரும்பி வந்து, கழுவித் துடைத்து, பாட்டுப் பாடிக்கொண்டு வீட்டுக்குப் போனான். டயர்கூட அவன் கட்சிதான் என்று எனக்கு ஆத்திரம் வந்தது.

ஐப்பசியில் ஒரு நாள் மத்தியானம், நல்ல மழை. லொறியின் எஞ்சினைக் கழற்றி ஸ்டோருக்கு முன்னால் பரப்பி வைத்திருந்தேன். பக்கத்து லயத்துப் பெண் ஓடி வந்தாள். அம்மாக்கண்ணுக்கு நாள் வருமுன்னே வலி கண்டுவிட்டது. வீட்டுக்கு ஓடினேன். உள்ளே இருந்த யாழ்ப்பாணத்து மருத்துவச்சியம்மா வெளியே வந்து என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"பிள்ளை குறுக்கால கிடக்கு. இஞ்ச வைச்சு என்னால ஏலாது. டிக்கோயா ஆசுப்பத்திரிக்கு உடனை கொண்டு போங்கோ."

எஞ்சின் துண்டு துண்டாகத் தரையில் கிடக்கிறது. என்ன செய்வது என்று தெரியாமல் நிற்கும்போதே வாசலில் ஆஸ்டினின் ஹாரன் கேட்டது. யாரும் சொல்லாமலே பொன்னையா பங்களாவுக்கு ஓடி, துரையிடம் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டிருக்கிறான். அந்தக் காரில் தொழிலாளி எவனும் அதற்குமுன் ஏறியது கிடையாது.

பின் சீட்டில் கம்பளியை விரித்து அம்மாக்கண்ணுவைப் படுக்க வைத்தோம். மருத்துவச்சியம்மா அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டார். நான் முன்னால் இடது பக்கம் ஏறினேன். எனக்கு நேர் கீழேதான் அந்தச் சக்கரம்.

கார் வேகமாக இறங்கியது. முதல் வளைவு, இரண்டாவது வளைவு. இடது பக்கம் முழுக்கப் பள்ளம், அடியில் ஆறு. ஒவ்வொரு தடவை அவன் ஸ்டியரிங்கைத் திருப்பும்போதும் அந்த வெடிப்புகள் வாயைத் திறப்பது என் கட்டைவிரலில் தெரிந்தது. பின்னால் அம்மாக்கண்ணு பல்லைக் கடித்துக்கொண்டு முனகினாள். மூன்றாவது வளைவில் என்னால் முடியவில்லை.

"பொன்னையா, நிப்பாட்டு. முன் டயர்ல வெடிப்பு இருக்கு. எடது பக்கம். கழட்டிட்டு ஸ்டெப்னியப் போடு."

அவன் நிறுத்தவில்லை. வேகத்தை மட்டும் கொஞ்சம் குறைத்தான்.

"அது முன்னால இல்லண்ணே" என்றான் அமைதியாக. "ஸ்டெப்னியாப் பின்னால தொங்குது. பூச போட்டுப் பத்து நாள்ல ஆணி குத்திச்சு. கழட்டறப்பத்தான் வெடிப்பப் பாத்தேன். ஸ்டெப்னிய முன்னால மாத்திட்டேன். கடைக்குத் திரும்பப் போனேன், அந்த ஆறாவது வித்துப் போச்சு."

எனக்கு மூச்சு வந்தது. அடுத்ததையும் அவனே சொன்னான்.

"துரைகிட்டச் சொல்லல. நீங்களும் கூட வந்தது அவருக்குத் தெரியும். ஏதோ கண்ணுக்குத் தப்பிருச்சு, இதுக்குப் போயி ஒங்க பேரு கெடணுமான்னு விட்டுட்டேன்." கொஞ்ச தூரம் போனான். பிறகு என் பக்கம் திரும்பாமலே கேட்டான். "ஒங்களுக்கு எப்படிண்ணே தெரியும்?"

பின் சீட்டில் முனகல் நின்றிருந்தது. வலியிலும் அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"கடையிலயே பாத்தேன்" என்றேன்.

அவன் குறைத்த வேகத்தைக் கூட்டினான். டிக்கோயா வரைக்கும் ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் இறங்கிக் கதவைத் திறந்து, "மெதுவா, மதினி" என்று அவளுக்குக் கைகொடுத்தான். வெள்ளைச் சட்டையெல்லாம் சேறும் இரத்தமும். வயிற்றைக் கிழித்துத்தான் பிள்ளையை எடுத்தார்கள். பெண் குழந்தை. இன்னும் அரை மணி தாமதித்திருந்தால் இரண்டு பேரும் இல்லை என்று டாக்டர் சொன்னார்.

பொன்னையா அதற்குப் பிறகும் என்னை அண்ணே என்றுதான் கூப்பிட்டான். வளைவில் வழி விட்டான், கேக் கொடுத்து அனுப்பினான். எது நல்லது, எதை விடலாம் என்று ஒரு பொருளைக் காட்டி என்னிடம் கேட்டது மட்டும் கிடையாது. மருத்துவச்சியம்மாவும் மனதோடு வைத்துக்கொண்டார்போல, தோட்டத்தில் இந்த விஷயம் வேறு யாருக்கும் தெரியாது. அவன் வாயைத் திறக்கவே இல்லை. நான் அவன் இடத்தில் இருந்திருந்தால் அன்றைக்கே ஊரைக் கூட்டியிருப்பேன். அதை நினைத்தாலும் எனக்கு அவன்மேல் பொறாமைதான் வருகிறது.

பிள்ளை பிறந்த மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் அம்மாக்கண்ணு கண்விழித்துப் பேசினாள். பிள்ளையைக் காட்டுவாள் என்று குனிந்தேன். அவள் காட்டவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"அந்தத் தம்பி ஒங்களுக்கு என்னங்க செஞ்சுச்சு?"

யோசித்தேன். எத்தனையோ வருஷம் வயிறெரிந்திருக்கிறேன், காரணம் ஒரு மூட்டையாவது இருக்கும் என்று தேடிப் பார்த்தேன். துரைசானியின் நாய் அவனைப் பார்த்துக் குரைக்கவில்லை என்பதைத் தவிர ஒன்றும் கிடைக்கவில்லை. அதை அவளிடம் எப்படிச் சொல்ல முடியும்? அவள் பிள்ளையை அணைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.